கம்ப்ரஷன் 70 காட்டினால் இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். சுமை ஏற்றும் சிறிய யுட்டிலிட்டி வண்டி. ஒற்றைச் சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக், ஏறக்குறைய 400 சிசி, கார்புரேட்டர், பெல்ட்டில் ஓடும் சிவிடி (கியர் மாற்றாமல் தானாகவே வேகவிகிதம் மாறும் அமைப்பு). காலையில் சோக் போட்டதும் எடுத்துக்கொள்கிறது. அரை மணி நேரம் வேலை வாங்கி நிறுத்திவிட்டு, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் எடுப்பதில்லை. நன்றாக ஆறிய பிறகு மறுபடி சுலபமாக எடுக்கிறது. பிளக்கும் ஆயிலும் மாற்றிப் பார்த்தாயிற்று. மெக்கானிக் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு, "கம்ப்ரஷன் 70 பிஎஸ்ஐதான் இருக்கு, ரிங் போயிடுச்சு, போர் பண்ணி பிஸ்டன் மாத்தணும்" என்கிறார். கம்ப்ரஷன் என்பது பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம், பிஎஸ்ஐ அதன் அலகு. ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி அந்த அழுத்தத்தைக் கசியவிடாத வளையம், போர் பண்ணுவது சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்குவது. முழு சர்வீஸில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது, அந்த 70-ஐ நம்பி இன்ஜினைப் பிரிக்கலாமா, பிரிக்கும் முன் எதை எந்த வரிசையில் சோதித்தால் பழுது எங்கே என்று தெளிவாகும் என்பதுதான். இந்த வகை இன்ஜின்களைப் பல ஆண்டுகளாகப் பிரித்துச் சேர்த்தும், மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தும் வருகிறேன். அந்தப் பழக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

இப்போதைக்கு இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள். ரிங் தேய்ந்திருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. தேய்ந்திருக்கிறது என்பதற்கு அந்த ஒற்றை எண் போதுமான ஆதாரம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் விவரித்த அறிகுறி ரிங் தேய்மானத்தோடு அவ்வளவாகப் பொருந்தவும் இல்லை. ரிங் தேய்ந்த இன்ஜின் பொதுவாகக் குளிர்ந்த நிலையில்தான் அதிகம் திணறும். சிலிண்டர் சுவரிலிருந்து ஆயில் வடிந்துபோயிருக்கும், ரிங்கின் வாய் இடைவெளியும் அப்போதுதான் பெரிதாக இருக்கும். உங்கள் வண்டியோ குளிரில் உடனே எடுக்கிறது, சூட்டில் மறுக்கிறது. இந்தத் தலைகீழ் நடத்தையைக் கேட்டதும் என் சந்தேகம் முதலில் போவது இக்னிஷன், பெட்ரோல், வால்வு ஆகிய மூன்றின் மேல்தான். ரிங் அதற்குப் பிறகுதான் வருகிறது.

அந்த 70-க்கு வருவோம். இந்த அளவு இன்ஜின்கள் பலவற்றில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டிலேயே ஆட்டோமேட்டிக் டிகம்ப்ரஷன் அமைப்பு உண்டு. ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும் குறைந்த வேகத்தில், கேமில் இருக்கும் ஒரு சிறு முனை கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் முற்பகுதியில் எக்ஸாஸ்ட் வால்வை இம்மியளவு தூக்கிப் பிடிக்கும். கொஞ்சம் அழுத்தம் அந்த வழியாக வெளியேறிவிடுவதால் சிறிய பேட்டரியும் சிறிய மோட்டாரும் பிஸ்டனைத் திணறாமல் மேலே தள்ள முடிகிறது. இன்ஜின் பற்றி வேகமெடுத்ததும் அதோடு இணைந்த எடை வெளிப்பக்கம் விலகும், முனை உள்ளே போய்விடும், வால்வு முழுதாக மூடும். கம்ப்ரஷன் கேஜ் அளப்பதோ ஸ்டார்ட்டர் வேகத்தில், அதாவது டிகம்ப்ரஷன் வேலை செய்துகொண்டிருக்கும்போது. அதனால் இந்த அமைப்புள்ள ஓர் இன்ஜினில் 70 என்பது முழு ஆரோக்கியமான அளவாகவே இருக்கலாம். அது இல்லாத, 150-க்கு மேல் காட்ட வேண்டிய இன்னொரு இன்ஜினில் அதே 70 மோசமான செய்தி. உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் எந்த அளவு சொல்லியிருக்கிறார்கள், அது டிகம்ப்ரஷனோடு அளந்ததா இல்லாமல் அளந்ததா என்று பார்க்காமல் அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது. மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்.

அடுத்த கேள்வி, எப்படி அளந்தார் என்பது. திராட்டில் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். மூடியிருந்தால் சிலிண்டருக்குள் காற்றே சரியாகப் போகாது, கேஜ் குறைத்துத்தான் காட்டும். பேட்டரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும், ஊசி ஏறுவது நிற்கும்வரை சுற்ற வேண்டும். பலர் கவனிக்காத இன்னொன்று கேஜின் ஹோஸ். நல்ல கேஜில் காற்றைத் திரும்ப விடாத சிறு வால்வு, பிளக் துளையில் திருகும் முனையிலேயே இருக்கும். அது மேலே கேஜ் பக்கம் இருந்தால், ஹோஸின் உள்வெளி முழுவதும் எரியறையோடு சேர்ந்துவிடும். கார் இன்ஜினில் இது சிறு விஷயம். சிறிய இன்ஜினில் அப்படியில்லை. 400 சிசி, 9:1 விகிதம் என்றால் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிஞ்சும் இடம் 50 சிசிதான். ஹோஸ் இன்னொரு 10 சிசி சேர்த்தால் விகிதம் 7.7-க்கு இறங்கிவிடும். இன்ஜினில் ஒரு குறையும் இல்லாமலேயே எண் விழும். உயரமான இடத்தில் இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். கடல்மட்டத்திலிருந்து 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு, கேஜும் ஏறக்குறைய அதே அளவு குறைத்துக் காட்டும்.

சோதனைகளுக்குப் போகும் முன் அடிப்படை சர்வீஸை முடித்துவிடுங்கள். அழுக்கு ஃபில்டரும் பழைய பெட்ரோலும் இருக்கும்போது செய்யும் எந்தச் சோதனையும் குழப்பும். ஏர் ஃபில்டரைக் கழற்றி, அது அழுக்கா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், ஃபில்டருக்குப் பின்னால் கார்புரேட்டருக்குப் போகும் குழாயின் உட்சுவரை வெள்ளைத் துணியால் துடையுங்கள். ஃபில்டரில் எவ்வளவு மண் இருந்தாலும் அது தன் வேலையைச் செய்திருக்கிறது என்றுதான் பொருள். ஃபில்டரைத் தாண்டிய பக்கத்தில் துணியில் மண் ஒட்டினால் அது வேறு கதை. நுண்தூசி உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, ரிங்கும் சிலிண்டர் சுவரும் இன்டேக் வால்வின் இருக்கையும் தேய்ந்துகொண்டிருக்கின்றன. யுட்டிலிட்டி வண்டிகள் தூசியிலேயே மெதுவாக ஓடுபவை. நான் பிரித்தவற்றில் காலத்துக்கு முன்பே தேய்ந்த இன்ஜின்கள் பெரும்பாலும் தூசி தின்றவைதான். அந்தத் துணி சுத்தமாக வந்தால் உங்கள் இன்ஜினுக்கு ஒரு நல்ல சாட்சி கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோம் ஃபில்டர் என்றால் கழுவி, முழுக்கக் காயவிட்டு, அதற்கான ஆயில் பூசிப் பிழிந்து மாட்டுங்கள். விளிம்பில் கிரீஸ் தடவி, சீலிங் எங்கும் விலகாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் சுற்றிப் பாருங்கள்.

ஆயில் மாற்றிவிட்டதாகச் சொன்னீர்கள், ஆனாலும் டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்தாலோ, ஊற்றிய அளவைவிட ஆயில் ஏறியிருந்தாலோ கார்புரேட்டரில் பெட்ரோல் வரத்தை நிறுத்தும் நீடில் வால்வு ஒழுகி, இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸுக்குள் பெட்ரோல் இறங்குகிறது. அப்படியானால் அதைச் சரிசெய்து, ஆயிலை மறுபடி மாற்றும்வரை ஸ்டார்ட் செய்யவே கூடாது. நீர்த்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது, கிராங்க்கேஸில் நிற்கும் பெட்ரோல் ஆவியும் ஆபத்தானது. ஆயில் மாற்றும் இடைவெளியைக் கிலோமீட்டரில் கணக்குப் பார்க்காமல் மணிக்கணக்கில் பாருங்கள். இந்த வண்டிகள் குறைந்த தூரத்தில் நிறைய உழைப்பவை. பல கையேடுகள் சாதாரண உபயோகத்துக்கு 100 மணி நேரம் என்று சொல்கின்றன. தூசியிலும் சுமையிலும் ஓடினால் அதைப் பாதியாக்குவதே என் வழக்கம். கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடும் மாடலாக இருந்தால் ஜாஸோ எம்ஏ (JASO MA) தரம் என்று அச்சிட்ட ஆயில்தான் வேண்டும், காருக்கான ஆயில் அங்கே கிளட்சை வழுக்க வைக்கக்கூடும். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, டார்க் ரெஞ்சால் கையேடு சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அலுமினிய மரையில் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். கழற்றிய ஆயில் ஃபில்டரை வெட்டி, காகித மடிப்புகளை விரித்துக் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு, ஒட்டாமல் மினுங்குவது பெரும்பாலும் அலுமினியம். மிக நுண்ணிய சாம்பல் நிறப் பூச்சு சகஜம். கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியும் செதில்கள் சகஜமல்ல. கூலிங் ஃபின்களுக்கு நடுவிலோ ரேடியேட்டரிலோ மண்ணும் புல்லும் அப்பியிருந்தால் முழுக்கச் சுத்தம் செய்யுங்கள். சூட்டில்தான் கோளாறு என்னும்போது இதை விட்டுவிட்டு மேலே போவதில் பயனில்லை.

இனிதான் முக்கியமான சோதனை. கோளாறு இருக்கும் நிலையிலேயே சோதிக்க வேண்டும். ஆறிய இன்ஜினில் எத்தனை மணி நேரம் ஸ்பார்க் பார்த்தாலும் உங்கள் கேள்விக்குப் பதில் வராது, ஏனென்றால் ஆறிய பிறகு அது சரியாகிவிடுகிறது. எனவே வண்டியை வழக்கம்போல வேலை வாங்கி, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து அது எடுக்க மறுக்கும் அந்த நொடியில் கருவிகளோடு தயாராக இருங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள், மூடிய அறையில் இன்ஜின் ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுத்துவிடும். பார்க்கிங் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள்.

முதலில் பெட்ரோல் டாங்க் மூடியைத் திறவுங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, சற்றுப் பொறுத்து வண்டி எடுத்தால் டாங்கின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. இதற்குச் செலவே இல்லை, அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன். அடுத்து, சோக் இல்லாமல் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். கருப்புப் புகையோடு தட்டுத் தடுமாறி எடுத்தால் பெட்ரோல் அதிகமாகி மூழ்கியிருக்கிறது. நிறுத்திய பிறகு இன்ஜின் சூடு கார்புரேட்டருக்கு ஏறி, கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் கொதித்து இன்டேக் குழாய்க்குள் வழிவது உண்டு. கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் தேவைக்கு மேல் ஏறும்படி ஃப்ளோட் அமைந்திருந்தாலோ, கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய வெப்பத்தடைத் துண்டு போடாமல் விடப்பட்டிருந்தாலோ இது மோசமாகும். மாறாக, சூடான இன்ஜினிலும் சோக் போட்டால்தான் எடுக்கிறது என்றால் பெட்ரோல் போதவில்லை. அங்கே பாதி அடைத்த ஸ்லோ ஜெட் (குறைந்த வேகத்துக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை), இன்டேக் ரப்பரில் வெடிப்பு, வலுவிழந்த பெட்ரோல் பம்ப் என்று தேட வேண்டும். டாங்க் கீழே இருக்கும் வண்டிகளில் இன்ஜினின் வாக்குவத்தில் இயங்கும் சிறு டயஃப்ரம் பம்ப் இருக்கும். அதற்குப் போகும் வாக்குவம் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது, அதில் சந்தேகமே வேண்டாம்.

அதே சூட்டில், நேரம் கடத்தாமல் ஸ்பார்க் பார்க்க வேண்டும். இன்ஜின் உடம்பில் பிளக்கை வைத்துப் பொறி பறக்கிறதா என்று பார்ப்பது பாதிச் சோதனைதான். திறந்த காற்றில் தாவுவதைவிட, அழுத்தத்துக்குள் தாவ மிக அதிக வோல்டேஜ் வேண்டும். வெளியே பறக்கும் பொறி உள்ளே செத்துப்போகலாம். இடைவெளியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் வாங்கி, 6 மி.மீ. அளவில் வைத்துப் பாருங்கள். குளிரில் தாவியது சூட்டில் தாவாவிட்டால் பொறிக்கான உயர் வோல்டேஜைத் தரும் இக்னிஷன் காயில், பொறி விழ வேண்டிய நேரத்தை உணரும் பிக்கப் காயில், இவற்றை இயக்கும் மின்னணுப் பெட்டியான சிடிஐ இவற்றில் ஒன்று சூட்டில் விட்டுப்போகிறது. மல்டிமீட்டரில் காயில்களின் ரெசிஸ்டன்ஸைக் குளிரிலும் சூட்டிலும் அளந்து ஒப்பிடலாம். ஆனால் செம்புக் கம்பியின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் கால்பங்கு ஏறுவது இயல்பே. பலமடங்கு எகிறினாலோ, மீட்டர் திறந்த சுற்று என்று காட்டினாலோ மட்டும் காயிலைக் குற்றவாளி என்று சொல்லுங்கள். இன்னொன்று, மீட்டரில் சரியாகக் காட்டும் காயிலும் உயர் வோல்டேஜில் கசியலாம். எனவே ஓம் சரியாக இருக்கிறது என்பதால் காயிலை விடுவித்துவிட முடியாது. ஸ்பார்க் டெஸ்டர் சொல்வதே தீர்ப்பு. கழற்றிய பிளக் கேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றாதீர்கள், இக்னிஷன் யூனிட் கெட்டுப்போகக்கூடும். டெஸ்டரைப் பிளக் துளைக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள், அங்கே பெட்ரோல் ஆவி வரும். இந்த நேரத்திலேயே, ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி வோல்டேஜையும் பாருங்கள். ஓய்வில் 12.6 காட்டும் பேட்டரி சுற்றும்போது 10-க்கும் கீழே இறங்கினால் ஸ்டார்ட்டர் வேகம், ஸ்பார்க், கம்ப்ரஷன் கேஜ் மூன்றும் சேர்ந்து ஏமாற்றும்.

ஸ்பார்க்கும் பெட்ரோலும் சரியாக இருந்து, எடுக்க மட்டும் மறுத்தால், அதே சூட்டில் ஒரு கம்ப்ரஷன் எடுங்கள். ஆறிய பிறகு அதே கேஜால், அதே முறையில் இன்னொன்று. இங்கே கேஜின் எண் சரியா தவறா என்ற பிரச்சினையே எழாது. ஒரே கேஜ் இரண்டு நிலைகளில் என்ன வித்தியாசம் காட்டுகிறது என்பது மட்டுமே நமக்கு வேண்டும். சூட்டில் தெளிவாக விழுந்தால் வால்வை நோக்கிப் போங்கள்.

டேப்பட்டை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே இருக்கும் சிறு இடைவெளியை, எப்படியும் பார்த்தாக வேண்டும். இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும், இரவு முழுக்க நின்றிருந்தால் நல்லது. பிளக்கைக் கழற்றிவிட்டு, கிராங்க்கை அதன் ஓடும் திசையிலேயே கையால் சுற்றி, மேக்னெட்டோ சக்கரத்தில் உள்ள 'T' குறியைப் பொருத்துங்கள். இரண்டு ராக்கரும் விரலால் ஆட்டும்போது லேசாக ஆடினால் அது கம்ப்ரஷன் உச்சி. ஏதாவது ஒன்று இறுக்கமாக இருந்தால் இன்னொரு முழுச்சுற்று சுற்றுங்கள். இன்டேக்குக்கு 0.10 மி.மீ., எக்ஸாஸ்ட்டுக்கு 0.15 மி.மீ. என்பதுபோன்ற அளவுகள் இந்த வகுப்பில் அடிக்கடி காணப்படுபவை, ஆனால் உங்கள் கையேட்டின் அளவே உங்களுக்குச் சட்டம். சரிசெய்யும் முன், இப்போது என்ன அளவு இருக்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள். இதைத்தான் பெரும்பாலானோர் செய்வதில்லை. அந்தப் பழைய அளவு ஒரு சாட்சியம். அட்ஜஸ்ட் செய்த பிறகு அது திரும்பக் கிடைக்காது. லாக்நட்டை இறுக்கும்போது திருகு கொஞ்சம் திரும்பிவிடும் என்பதால் இறுக்கிய பிறகு ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) மறுபடி நுழைத்துப் பாருங்கள்.

வால்வுகள் நாளடைவில் இருக்கைக்குள் அமிழ்ந்துபோகும், அதனால் இடைவெளி குறையும், டேப்பட் சத்தமும் அடங்கும். சத்தமில்லாமல் ஓடுகிறது என்று பலர் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே வால்வு முழுதாக மூடாமல் அழுத்தம் கசியத் தொடங்கியிருக்கும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை இருக்கையில் உட்காரும்போதுதான் இறக்கி வைக்கிறது. உட்கார முடியாத வால்வு விளிம்பில் கருகும். இதுவரை சொன்னது உறுதியானது. இறுகிய டேப்பட் சூட்டில்தான் தொல்லை தரும் என்று பலர் சொல்வார்கள், அதை அப்படியே ஏற்க வேண்டாம். வால்வுத் தண்டு சூட்டில் நீளும், அலுமினிய ஹெட்டும் சிலிண்டரும் கூடவே வளரும். எது எதை மிஞ்சுகிறது என்பது இன்ஜினின் அமைப்பைப் பொறுத்தது. ஒரு இன்ஜினில் இறுகிய டேப்பட் சூட்டில் ஸ்டார்ட் ஆகாமல் செய்யும், இன்னொன்றில் குளிரில் செய்யும். ஆகவே அறிகுறியை வைத்து ஊகிப்பதைவிட ஃபீலர் கேஜை நுழைப்பதே நல்லது. இடைவெளி தேவைக்கு மேல் அதிகமானாலும் ஒரு விளைவு உண்டு. டிகம்ப்ரஷன் முனையால் வால்வைத் தூக்க முடியாமல் போய், ஸ்டார்ட்டர் ஒவ்வொரு சுற்றிலும் முட்டி நிற்கும்.

இதற்குப் பிறகும் சந்தேகம் தீராவிட்டால் லீக்டவுன் சோதனை, அதாவது சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிக் கசிவைப் பார்ப்பது. முன்பு பலர் செய்த ஈரச் சோதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளக் துளையில் 5 மில்லி ஆயில் விட்டு மறுபடி கம்ப்ரஷன் பார்ப்பார்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு என்பார்கள். ஆனால் 50 சிசி எரியறையில் 5 சிசியை ஆயிலே அடைத்துக்கொண்டால், ரிங் எப்படி இருந்தாலும் கேஜ் பத்து, பதினைந்து சதவீதம் ஏறும். சிலிண்டர் சாய்ந்திருந்தால் ஆயில் ஒரு பக்கம் மட்டும் தேங்கும். எண் எகிறிக் குதித்தால் ரிங்கைச் சந்தேகிக்கலாம். சிறு ஏற்றம் எதையும் நிரூபிக்காது.

லீக்டவுன் அப்படியில்லை. பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, கம்ப்ரஸரிலிருந்து 100 பிஎஸ்ஐ கொடுத்து, எவ்வளவு கசிகிறது என்பதோடு எங்கே கசிகிறது என்பதையும் பார்க்கிறோம். பெரும்பாலான அமைப்புகளில் டிகம்ப்ரஷன் முனை உச்சிக்கு முன்பே வால்வை விட்டுவிடும், ஆகவே அது இந்தச் சோதனையைக் குழப்பாது. ஸ்டார்ட்டர் வேகமோ பேட்டரியோ இதில் குறுக்கிடுவதே இல்லை. கார்புரேட்டர் வாயில் காதை வைத்தால் சீறல் கேட்கிறதா, இன்டேக் வால்வு. சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் துளையில் கேட்டால் ரிங் அல்லது சிலிண்டர். நீர்க்குளிர்ச்சி இன்ஜினில் ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். பத்து சதவீதத்துக்குள் என்றால் நல்லது, இருபது வரை ஓடிக்கொண்டிருக்கலாம், முப்பதைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும் என்பது என் கணக்கு. ஆனால் டெஸ்டரின் உள்துளை அளவுக்கு ஏற்ப சதவீதம் மாறும், அதனால் ஒரு கடையின் 15-ஐயும் இன்னொரு கடையின் 15-ஐயும் ஒன்றாகப் பார்க்க முடியாது. காற்று எங்கே வருகிறது என்பது எந்த டெஸ்டரிலும் மாறாது, நான் அதையே பெரிதாக எடுத்துக்கொள்வேன். கவனமாக இருங்கள். 80 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன் மேல் அந்த அழுத்தம் 350 கிலோ எடைக்கும் மேல் தள்ளும். உச்சியிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தாலும் கிராங்க் சட்டென்று சுழலும். கிராங்க்கில் மாட்டியிருக்கும் ஸ்பேனரை எடுத்துவிட்டு, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பெல்ட், புல்லி பக்கம் கை போகக் கூடாது.

ஆயில் துளையில் பலமாகக் காற்று சீறி, ஈரச் சோதனையிலும் எண் எகிறி, நீலப் புகையும் ஆயில் குறைவும் சேர்ந்திருந்தால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி, பிரியுங்கள். அப்போதும் அளக்காமல் போர் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். சிலிண்டரின் மேல், நடு, அடி என மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்கச் சொல்லுங்கள். மேல் ரிங் திரும்பும் இடத்தில் சூடும் அழுத்தமும் அதிகம், ஆயில் படலம் மெல்லியது, தேய்மானம் அங்கேதான் மிகும். புது ரிங்கைச் சிலிண்டருக்குள் பிஸ்டனால் நேராகத் தள்ளி வாய் இடைவெளியைப் பாருங்கள். அளவுகள் கையேட்டின் வரம்புக்குள் இருந்தால் ரிங்கை மட்டும் மாற்றினாலே போதும். காற்று எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் வந்திருந்தால் பிஸ்டனைத் தொடவே வேண்டியதில்லை, ஹெட்டை இறக்கி வால்வும் இருக்கையும் பார்த்தால் போதும். இன்டேக் பக்கம் வந்தாலும் அதே வேலைதான், ஆனால் வால்வை மாற்றும் முன் ஃபில்டர் தூசியை உள்ளே விட்ட வழியைக் கண்டுபிடித்து அடையுங்கள்.

வண்டி இங்கே என் முன்னால் இல்லை, அதன் சத்தத்தை நான் கேட்கவில்லை. ஆகவே காயில்தான், கார்புரேட்டர்தான் என்று இங்கிருந்து பெயர் சொல்ல மாட்டேன். சூட்டில் மட்டும் வரும் கோளாறுகளில் இவை இரண்டும் முதல் வரிசையில் நிற்பவை, வால்வு அடுத்தது, ரிங் அதற்கும் பின்னால் என்று மட்டும் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காயிலையும் கார்புரேட்டர் கிட்டையும் டேப்பட்டையும் ஒரே நாளில் செய்து வண்டி எடுத்துவிட்டால், எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும், கோளாறு திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

எதைச் சரிசெய்தாலும் கடைசிச் சோதனை ஒன்றுதான். குளிரில் எடுத்து, ஐட்லிங் கையேட்டின் ஆர்பிஎம்மில் நிற்கிறதா என்று பாருங்கள். ஐட்லிங் அதிகமாக வைத்தால் சிவிடி பெல்ட் பிடித்து வண்டி தானாக ஊர்ந்து போகும். நடுவேகத்தில் பேட்டரி முனையில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். பிறகு வழக்கமான சுமையோடு அரை மணி நேரம், முடிந்தால் ஏற்றத்தில் ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஒருமுறை எடுத்தால் போதாது. விட்டு விட்டு வரும் கோளாறு ஒரு நாள் ஒளிந்துகொள்ளும். சில நாட்கள் தொடர்ந்து அப்படியே செய்து, ஒவ்வொரு முறையும் எடுத்த பிறகே சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். டேப்பட்டின் பழைய அளவு, சூட்டிலும் குளிரிலும் எடுத்த கம்ப்ரஷன், சூட்டில் ஸ்பார்க் தாவியதா, லீக்டவுனில் காற்று எங்கே வந்தது, இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள். அவற்றைப் பார்த்துவிட்டு அடுத்து எதைத் தொடலாம் என்று சொல்கிறேன்.